பூசைக்கு வைத்த கம்பா

நேற்று ஒஸ்லோவில் ஒரு தேவாலயக் கச்சேரிக்கு அண்ணா என்னைக் கூட்டிப்போனான். வயோலா ட கம்பா என்ற அந்தப் பழைய வாத்தியத்தை முழங்கால்களுக்கிடையில் நிறுத்தி, ஒருத்தி சுருதி சேர்த்தாள். நரம்பு முனகி முனகி இறங்கியது. அதைக் கேட்டதும் எனக்கு மறுபடியும் பன்னிரண்டு வயதாகிவிட்டது.

இரண்டாயிரத்து நாலில் ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியில் இருந்தோம். இசைப்பள்ளி எனக்கு இரவல் தந்த கம்பாவின் நரம்புகள் ஆட்டுக்குடலில் செய்தவை. அம்மா சுத்த சைவம். அண்ணாவிடம் மட்டும் சொன்னேன்.

"நான் ஏன் சொல்லப்போறன்?" என்றான்.

சரஸ்வதி பூசையன்று அம்மா கம்பாவுக்கும் பொட்டு வைத்து, கும்பத்துக்குப் பக்கத்தில் சாத்தினார். வந்த மாமிமார் எல்லோரும் அதையே சுற்றி நின்றார்கள். கும்பத்தின் மறுபக்கம் வைத்திருந்த அண்ணாவின் மிருதங்கத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

"அம்மா, அது ஆட்டுக்குடல். இவள் உங்களுக்குச் சொல்லேல்லையோ?" என்றான் அண்ணா.

அம்மா என் பக்கம் திரும்பினார். "ஓமோ பிள்ளை?"

"ஓம்."

கம்பா வாசலுக்கு, சப்பாத்துகளுக்குப் பக்கத்தில் போனது. அது நின்ற இடத்துக்கு அண்ணா மிருதங்கத்தை நகர்த்தினான். அதில் மாட்டுத்தோல் இருப்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். அடுத்த கிழமை கம்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

நேற்றுக் கைதட்டல் ஓய்ந்ததும் அண்ணா என் காதருகே குனிந்தான்.

"வடிவான வாத்தியம். நீ ஏன் இதை விட்டனி?"