நான்காவது பாட்டில் ஒரு கதவு

என் அத்தான் ஃபிரிட்ஜ் மெக்கானிக். எங்கேயாவது ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் இருந்தால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. முதல் பிள்ளை பிறந்திருக்கிறது என்று நர்ஸ் வந்து சொன்னபோதே, "ஒரு நிமிஷம்" என்று மருந்து ஃபிரிட்ஜை மூடப் போன மகானுபாவர். அக்கா எதையாவது மனம்விட்டுப் பேச ஆரம்பிப்பாள். பாதியில் எழுந்து போய்விடுவார்.

இப்படிப்பட்டவர், இன்று பெரிய பெயர் வாங்கிவிட்ட ஒரு ராக் குழுவில் ஆரம்பத்தில் டிரம்ஸ் அடித்தது தான்தான் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? குடும்பமே சிரித்தது. ஊர் சிரிப்பதை அவர் துடைத்துப் போட்டுவிடுவார். "ஆமா, நான்கூட விமானம் ஓட்டிட்டு இருந்தேன்" என்று அக்கா சொல்வதுதான் அவருக்கு வலித்தது.

அந்தக் குழுவின் பழைய, யாரும் கேட்டிராத பாட்டுகளையெல்லாம் சேர்த்து ஒரு ஆல்பம் வந்தது. அத்தான் முதல் ஆளாகப் போய் வாங்கிவந்தார். அட்டையில், இவருக்குப் பிறகு குழுவில் சேர்ந்த டிரம்ஸ்காரரின் படம். இவர் பெயர் பொடி எழுத்தில்கூட இல்லை. அக்கா அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தாள். கிண்டல் செய்திருந்தாலாவது மனுஷன் பிழைத்திருப்பார்.

ஆல்பத்தை நான்தான் போட்டேன். முதல் மூன்று பாட்டுகள் காதைக் கிழித்தன. நான்காவதில் திடீரென்று டிரம்ஸ் நின்றது. செருப்பை இழுத்துக்கொண்டு யாரோ நடந்தார்கள். 'டப்' என்று ஒரு சத்தம். செருப்பு திரும்பி வந்தது. டிரம்ஸ் மறுபடி ஆரம்பித்தது. கூடவே இருந்த குறிப்பில் ஓர் இசை விமர்சகர், இந்த மௌனம் காலத்தையே கேள்வி கேட்கிறது என்று எழுதியிருந்தார்.

அத்தான் நெளிந்தார். பாட்டெல்லாம் பதிவானது அவர் பட்டறையின் பின்னறையில், ரிப்பேருக்கு வந்த ஃபிரிட்ஜுகளுக்கு நடுவில். பேஸ் கிட்டார் அதிர்ந்தால், ரப்பர் தேய்ந்த ஒரு ஃபிரிட்ஜின் கதவு தானாகத் திறந்துகொள்ளுமாம். கூலிங் வீணாகப் போவதை எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பது? பொறுத்துப் பொறுத்துப் பார்த்த குழு, அதற்காகவே அவரை அனுப்பிவிட்டது.

அக்கா அந்தப் பாட்டை மறுபடி போடச் சொன்னாள். செருப்புச் சத்தம் வந்ததும் கண்ணை மூடிக்கொண்டாள். அந்த நடை யாருடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. பாட்டு முடிந்ததும் அத்தான் பக்கம் திரும்பினாள்.

"நான் பேசுறப்பல்லாம் பாதியில எந்திரிச்சுப் போவீங்க. என்னை ஒரு பொருட்டாவே நெனைக்கலன்னு இத்தனை நாளா உள்ளுக்குள்ள வச்சுக்கிட்டு இருந்தேன். உசுரா நெனச்ச பாட்டையும் இப்படித்தான் விட்டுட்டுப் போனீங்களா?"

அத்தான் ஆமாம் என்று தலையாட்டினார். டிரம்ஸ் அடித்ததை இப்போதாவது நம்புகிறாளா என்று கேட்க அவருக்கு மறந்தே போயிற்று.