கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த கேமரா

திராட்சைக் கொடிக்கு அடிக்கும் மருந்தின் வாடை, எத்தனை முறை சோப்புப் போட்டாலும் அப்பாவின் வெள்ளைச் சட்டையை விட்டுப் போகாது. தேனியில் ஏசி போட்ட அந்தக் கேமராக் கடைக்குள் நாங்கள் நுழைந்தபோது எங்களுக்கு முன்னால் அந்த வாடைதான் உள்ளே போனது. நான் பிளஸ் டூ முடித்திருந்த 2007 கோடை அது. மதுரையில் ஒரு கல்லூரியில் புகைப்படக் கலை படிக்க இடம் கிடைத்திருந்தது. விடுதிக்குக் கிளம்புமுன் மகளுக்கு ஒரு டிஜிட்டல் கேமரா வாங்கித் தருவதாக அப்பா ஒப்புக்கொண்டார். பார்க்க ஆசைப்பட்டு அம்மாவும் மார்க்கையன்கோட்டையிலிருந்து எங்களோடு பஸ் ஏறிவிட்டாள்.

எது வேண்டும் என்று நான் முன்பே முடிவு செய்திருந்தேன்: விளம்பரத்தில் பார்த்த, சட்டைப் பைக்குள் அடங்கும், வெள்ளி நிற மெல்லிய கேமரா. அதைக் கையில் எடுத்ததும் கடைக்காரத் தம்பி 'மெகாபிக்சல்' பெருமையை ஆரம்பித்தார்.

"எம்புட்டுப் பெருசாப் போட்டாலும் படம் உடையாதுண்ணே. செவுரு அளவுக்குப் போடலாம்."

"எங்க வீட்டுல அம்புட்டுப் பெரிய செவுரு இல்லையே தம்பி" என்றார் அப்பா.

எல்லோரும் சிரித்தோம், அப்பாவும் சிரித்தார். இதை விடக்கூடாதென்று பட்டனை அழுத்தினேன். கேமரா கொஞ்சம் யோசித்துவிட்டு, பிறகுதான் 'க்ளிக்' என்றது. திரையில், வாயை இறுக மூடிக்கொண்டு அப்பா நின்றார்.

எங்கள் வீட்டில் இருந்த எல்லாப் படங்களிலும் அவர் அப்படித்தான் நின்றார். சின்ன வயதில் கிணற்று ஆயில் இன்ஜினின் கைப்பிடி திருப்பி அடித்து முன்பல் ஒன்று போயிருந்ததால், கேமராவைக் கண்டாலே உதடுகள் தாமாகச் சேர்ந்துகொள்ளும். நாளெல்லாம் சிரித்துப் பேசுகிற மனிதரின் சிரித்த படம் ஒன்றுகூட இல்லாமல்தான் நான் ஊரைவிட்டுப் போகவிருந்தேன்.

மறுபடி முயன்றேன். மெல்லிய கேமரா மறுபடியும் தாமதித்தது. அப்போது கண்ணாடிப் பெட்டிக்குள், வாடிக்கையாளர்கள் எடுத்துப் பார்ப்பதற்காக வைத்திருந்த ஒரு கறுப்புக் கேமராவைத் தம்பி நீட்டினார். 'பென்சில் பேட்டரி' போடுவது. தடித்துப் போய், பலர் கைபட்டு மூலையில் கீறலோடு, பார்க்கவே பிடிக்கவில்லை. வேண்டா வெறுப்பாகக் கண்ணில் வைத்தேன். அப்பா மீண்டும் விறைத்தார்.

"போட்டோன்னா மட்டும் போலீஸ் ஸ்டேஷன்ல நிக்கிற மாதிரி நிப்பாக" என்றாள் அம்மா, தம்பியைப் பார்த்து. "கல்யாணத்தன்னைக்கும் இப்படித்தான். மாப்பிள்ளைக்குச் சம்மதந்தானான்னு எங்க சித்தி எங்கிட்ட வந்து கேட்டாக."

அப்பா வாய்விட்டுச் சிரித்தார். அழுத்தினேன். அழுத்திய அந்தக் கணமே படம் விழுந்துவிட்டது: கண் சுருங்கி, தலை பின்னால் சாய்ந்து, பல் போன இடம் பளிச்சென்று தெரிய, முழு அப்பா.

"ஆத்தா, அத அழிச்சிரு" என்றார் என்னிடம், எட்டிப் பார்த்து.

அம்மா கேமராவை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். "அழிக்கிறதா இருந்தா கேமராவே வேணாம்."

இதே வகையில் புதிது ஒன்றைப் பெட்டி பிரிக்காமல் எடுத்து வந்தார் தம்பி. பழைய கேமராவுக்குள்ளேயே பதிந்த படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றித் தருவதாகவும் சொன்னார். அம்மா அசையவில்லை. "ஏத்துறப்ப போயிருச்சுன்னா? இவுக இன்னொரு தடவ சிரிக்கவா போறாக? இதையே குடுங்க."

பொங்கி வந்த ஏமாற்றத்தோடு அந்த வெள்ளிக் கேமராவை ஒருமுறை பார்த்தேன். பிறகு அம்மாவின் கையில் இருந்த திரையைப் பார்த்தேன். "இதுதாம்மா வேணும்" என்றேன். கீறல் விழுந்த அந்தக் கேமராவோடு பஸ் ஏறினோம். சின்னமனூர் வரும்வரை மூன்று தலைகளும் அந்தக் குட்டித் திரைமேல் முட்டிக்கொண்டன. வீரபாண்டி தாண்டியதும், "அம்புட்டு மோசமா இல்ல" என்று அப்பாவே முணுமுணுத்தார்.

இன்று தேனியில் அந்தக் கடை இருந்த இடத்தில் செருப்புக்கடை இருக்கிறது. கேமராவின் பேட்டரி மூடி உடைந்து, அது வேலை செய்வதில்லை. இப்போதெல்லாம் எடுக்கும் படங்களை அவரவர் போனுக்கு அனுப்பிவிடுகிறோம். அவரவர் மூலையில் பார்த்துக்கொள்கிறோம். போன அறுவடையின்போது தோட்டத்தில் அம்மாவைப் படம் எடுத்து, "அனுப்பிட்டேம்மா, ஒம் போன்ல பாரு" என்றேன். அவள் திராட்சைப் பிசுக்கேறிய கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து என்னை ஒட்டி உட்கார்ந்தாள்.

"அது கெடக்கட்டும். இங்கன காட்டு."