ராகுகாலத்தில் போட்ட வாக்கு

லண்டனில் தேர்தல் என்றால் வியாழக்கிழமைதான். யார் வைத்த வழக்கமோ தெரியாது. எங்கள் தொடர்மாடித் தமிழ்ப் பெண்களின் வாக்கு எட்டு வருடமாகப் பெட்டியில் விழாததற்கு அந்த வியாழக்கிழமையும் ஒரு காரணம். மற்றக் காரணம் நாங்களேதான். அதை ஒளிக்க எனக்கு விருப்பமில்லை.

கொமன்வெல்த் நாட்டுக்காரர் என்பதால், அகதியாக வந்த எங்களுக்கும் இங்கே வாக்கு இருந்தது. எண்பத்தாறிலும் தொண்ணூறிலும் கவுன்சில் தேர்தல் நடந்தது. லூயிஷாம் பகுதியில் எங்கள் தொடர்மாடியில் ஆறு தமிழ்க் குடும்பம். பெண்களுக்கு விடியக் காலையில் ஒஃபீஸ் துப்புரவு வேலை. வந்து சமைத்து முடிய ஒன்றரை ஆகிவிடும். மூன்று மணிக்குப் பள்ளிக்கூட வாசலில் நிற்க வேண்டும். பின்னேரம் மனுசன்மார் பெற்றோல் ஸ்டேஷன் ஷிப்டுக்குப் போனால், பிள்ளைகளை விட்டுவிட்டு வெளிக்கிட முடியாது. மிஞ்சியது ஒன்றரை முதல் மூன்று வரை. வியாழக்கிழமைகளில் அதுதான் ராகுகாலம் என்று தமிழ்க் கடைக்காரர் தந்த காலண்டர் சொன்னது. ஆறு வீட்டிலும் அதே காலண்டர். ராகுகாலத்தில் யார் நல்ல காரியத்துக்குப் போவது? நானும் போகவில்லை.

தொண்ணூற்று மூன்று மாரியில் என் ஆறு வயது மகளுக்கு மூச்சிழுப்பு வந்தது. அவள் படுக்கும் அறைச் சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம். துடைத்தால் ஒரு கிழமையில் திரும்ப வந்துவிடும். சுவர் காயாமல் பிள்ளையின் நெஞ்சு சுகப்படாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வீடு கவுன்சிலுடையது என்பதால் கவுன்சிலுக்கு எழுதினேன். பதில் வந்தது, ஆள் வரவில்லை.

எங்கள் வட்டாரக் கவுன்சிலர் சனிக்கிழமைகளில் நூலகத்தில் ஆட்களைச் சந்திப்பார். அவரிடமே போனேன். பக்கத்தில் இருந்த உதவியாளர் என் வீட்டு இலக்கத்தைக் கேட்டு, ஒரு வாக்காளர் பட்டியலில் விரலை ஓட்டினார். போனமுறை வாக்குப் போட்டவர்களின் பெயருக்குப் பக்கத்தில் சிவப்புக் கோடு. எங்கள் பெயர்களுக்குப் பக்கத்தில் ஒன்றும் இல்லை. தலைகீழாகப் பார்த்தும் எனக்கு அது விளங்கியது. கவுன்சிலரும் பட்டியலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். உங்கள் ஆட்கள் அமைதியானவர்கள், எங்களுக்கு ஒரு தொந்தரவும் தருவதில்லை என்றார். திருத்த வேலை நிறைய இருக்கிறது, பொறுத்திருங்கள் என்றார்.

அமைதியாம். பிள்ளை இரவிரவாக மூச்சுக்கு இழுக்கிறாள், இந்த மனுசனுக்கு நாங்கள் அமைதியான ஆட்கள். அந்தப் பட்டியலில் ஒரு சிவப்புக் கோடு விழாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

அடுத்த மே மாதம் தேர்தல் வந்தது. முதல்நாள் கீழ் வீட்டு அக்காவிடம் போனேன். அவர் சொன்னால் மற்ற நாலு வீடும் கேட்கும்.

"உனக்கென்ன விசரே? நாளைக்கு அந்த நேரம் ராகுகாலம்" என்றார்.

"எந்த ஊர் ராகுகாலம் அக்கா? ஆறு மணிக்கு விடியிற ஊருக்குப் போட்ட கணக்கு அது. இஞ்ச இப்ப ஐஞ்சரைக்கே விடியுது, எட்டரைக்குத்தான் பொழுது படுது. நாங்கள் எல்லாரும் குரோய்டன் குடிவரவு ஒஃபீஸில வரிசையில நிண்டு விசா எடுத்தனாங்கள். உங்கட ராகுவுக்கு ஆர் விசா குடுத்தது?"

அக்கா சிரிக்கவில்லை. "ஏதும் வில்லங்கம் வந்தால் என்ன செய்யிறது?"

"என்ர பிள்ளைக்கு மூச்சு வரேல்லை. இதுக்கு மேல என்ன வில்லங்கம் வரக் கிடக்கு?"

அவர் கதவைச் சாத்தினார்.

மறுநாள் ஒன்றரைக்குத் தனியாகத்தான் படியிறங்கினேன். கீழே ஐந்து பெண்களும் நின்றார்கள். அக்கா நெற்றி நிறையத் திருநீறு பூசி, சேலைக்கு மேல் கோட் போட்டிருந்தார். "பிள்ளைக்காக வாறன். ராகுவோட நான் பிறகு கதைக்கிறன்" என்றார். சேர்ச் மண்டபத்துக்கு நடந்தோம். உள்ளே அக்கா வாக்குச் சீட்டோடு நெடுநேரம் நின்றார். நான் ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை. அந்தக் கவுன்சிலரை எதிர்த்து நின்றவருக்குப் போட்டுவிட்டு வந்தேன்.

பழைய கவுன்சிலர்தான் திரும்பவும் வென்றார். ஆனால் வாக்குகளை இரண்டு தரம் எண்ண வேண்டியிருந்ததாம்.

இரண்டு கிழமைக்குள் கவுன்சிலர் எங்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். லிப்ட் வேலை செய்யவில்லை, ஐந்து மாடி ஏறிய மனுசனுக்கு மூச்சு வாங்கியது. மகளும் அப்படித்தான் மூச்சு வாங்குவாள் என்று நினைத்துக்கொண்டு உள்ளே விட்டேன். கூட வந்த கவுன்சில் ஊழியர் அறைக்குள் போய்ச் சுவரை அளந்தார். கவுன்சிலர் என்னிடம், இந்தமுறை எல்லோரும் வந்து வாக்களித்ததற்கு நன்றி என்றார்.

"நான் போட்டது உங்களுக்கு இல்லை" என்றேன். என் துப்புரவு வேலை ஆங்கிலத்தில்தான் சொன்னேன், வடிவாக விளங்கியது அவருக்கு. முகம் சிவந்தது.

"அடுத்தமுறையும் வருவோம். யாருக்குப் போடுவது என்பதை இந்தச் சுவர் காய்ந்த பிறகு யோசிக்கிறேன்."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு சுவரைப் பார்த்தார். அளந்துகொண்டிருந்த ஊழியரிடம், திங்கட்கிழமையே வேலையைத் தொடங்கச் சொன்னார்.