ஒரு நம்பர் ஜாஸ்தி

தானியேலுக்கு எதிலும் ஒரு நம்பர் ஜாஸ்தியாக இருக்க வேண்டும். ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருடம் மின்சார வேலை பார்த்தவர். தோலை ஊறப்போட்டு உருட்டும் பெரிய மர டிரம்களின் மோட்டார்கள் அவர் பொறுப்பு. ஈரமும் சுண்ணாம்பும் அமிலமும் சேர்ந்து எந்தக் கம்பியையும் அரித்துவிடும் இடம் அது. இரண்டரை எம்எம் ஒயர் போதும் என்று மற்றவர்கள் சொன்னால் தானியேல் நாலு எம்எம் இழுப்பார். ஜாஸ்தி இருந்தால் தாங்கும், கம்மி இருந்தால் எரியும் என்பார். அவர் கைபட்ட மோட்டார் எரிந்ததாக அங்கே யாரும் சொன்னதில்லை. ஆட்களைக் குறைத்தபோது வீட்டுக்கு வந்தவர், இப்போது தெருத்தெருவாகத் தண்ணீர் மோட்டார் பழுது பார்க்கிறார்.

வீட்டிலும் அதே பழக்கம்தான். மனைவி மேகலாவுக்கு ஷூ கம்பெனியில் பசை தடவும் பிரிவில் வேலை. சின்னக் குறையுள்ள ஷூக்களைத் தொழிலாளர்களுக்கு மலிவாகத் தரும் நாளில், மகள் சோபனாவுக்கு ஒரு ஜோடி எடுத்து வருவாள். ஒரு நம்பர் ஜாஸ்தியாக எடு, பிள்ளைக்குக் கால் வளரும் என்று தானியேல் முன்கூட்டியே சொல்லி அனுப்புவார். கால் வளர்ந்து ஷூ சரியாகும் நேரத்தில் ஷூ வாய் பிளந்திருக்கும். முனையில் பஞ்சை அடைத்துக்கொண்டே அந்தப் பெண் பன்னிரண்டாம் வகுப்பு வரை நடந்தாள். உலகத்துக்கே ஷூ தைத்து அனுப்பும் ஊரில் பிறந்தும், ஒரு நாள்கூட அவள் அளவான ஷூ போட்டதில்லை.

"எனக்கு அளவா எப்பப்பா வாங்கித் தருவ?" என்று கேட்பாள். சிரித்துக்கொண்டேதான் கேட்பாள்.

போன அக்டோபரில் அவளுக்கு மூளைக்காய்ச்சல் வந்தது. ஆறே நாள். இருபத்திரண்டு வயது. சவப்பெட்டி செய்பவர் அளவு கேட்டபோது தானியேல் தன் நினைவிலேயே இல்லை. ஆனால் வாய் மட்டும் பழக்கத்தை விடவில்லை. ஒரு சைஸ் ஜாஸ்தியாகப் போடச் சொல்லிவிட்டது. கல்லறைக்குப் போகும் வழியில், மேட்டில் ஏறும்போது, உள்ளே அவள் உடல் நகர்ந்து பலகையில் இடித்த சத்தம் தூக்கி வந்த ஆறு பேருக்கும் கேட்டது. முன்பக்கம் வலது தோளில் சுமந்தவர் தானியேல். அந்தச் சத்தம் இன்றுவரை அவர் தோளை விட்டு இறங்கவில்லை.

சோபனா விட்டுப்போனவை பத்தொன்பது பாட்டில்கள்.

தாவரவியல் படித்த பெண். ஏலகிரியில் நர்சரி வைத்திருப்பவரிடம் ஓர் ஆர்க்கிட் காய் வாங்கி வந்து, குக்கரில் அவித்துச் சுத்தம் செய்த ஜாம் பாட்டில்களுக்குள் செடிக்கான சத்துக் கூழ் ஊற்றி, மாவைவிட மெல்லிய அதன் விதைகளைத் தூவி மூடினாள். மாதக்கணக்கில் காத்திருந்த பிறகு பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. பிறகு நகக்கண் அளவுக்கு இலைகள். வெயிலில் வைத்தால் மூடிய பாட்டில் வெந்துவிடும், இருட்டில் வைத்தால் செடி செத்துவிடும். அதனால் பழைய இரும்பு அலமாரிக்குள் வெள்ளித் தாளை ஒட்டி, தட்டுக்கு ஒன்றாக இரண்டு அலுமினியப் பட்டைகளில் பத்துப் பத்து எல்ஈடி முத்துகளைப் பற்றவைத்துத் தானே விளக்கு செய்தாள். சிவப்பும் நீலமும் கலந்து எரியும்.

"இன்னாம்மா, கிறிஸ்மஸ் இந்த வருஷம் ஜூன்லயே வந்துடுச்சா?" என்று தானியேல் கிண்டல் செய்தார். பிறகு ஒயரோடு தொங்கிய வெள்ளைப் பெட்டியைக் காட்டி, "இந்த சோக்கு ரொம்பப் பொடிசா இருக்குதே. பெருசா ஒண்ணு போடு" என்றார்.

"அது சோக்கு இல்லப்பா, டிரைவர்."

"டிரைவரா? எந்த பஸ்ஸுக்கு?"

அவள் சிரித்து முடித்துவிட்டுச் சொன்னாள். "கேளுப்பா. மோட்டாரு தனக்கு வேணுங்கற கரண்டை மட்டும் இழுக்கும். நீ எவ்ளோ பெரிய ஒயர் போட்டாலும் ஒண்ணும் ஆவாது. இது அப்படி இல்ல. டிரைவர் எவ்ளோ தள்ளுதோ அவ்ளோத்தையும் எல்ஈடி குடிச்சுடும். வேணாம்னு சொல்லத் தெரியாது அதுக்கு. அதனால அளவா குடுக்கணும்."

இருபத்தெட்டு வருடம் கரண்டிலேயே கிடந்தவனுக்கு நீ பாடம் எடுக்கிறாயா என்று தானியேல் எழுந்து போய்விட்டார். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டு, இரண்டு டிரைவர்களின் முதுகிலும் சிவப்பு நகப்பாலிஷால் அதன் அளவை, 300 என்று, பெரிதாக எழுதினாள்.

அவள் போன பிறகு மேகலா அந்த அலமாரியைப் பிடித்துக்கொண்டாள். சோபனாவின் நோட்டில் கடைசியாக எழுதியிருந்தது இதுதான்: ஜூலை கடைசியில் பாட்டிலைத் திறக்கலாம், முதல் செடி அம்மாவுக்கு. காலை ஆறு மணிக்கு மேகலா விளக்கைப் போடுவாள், வேலையிலிருந்து வந்து அணைப்பாள். யாரோடும் பேசுவதில்லை. சாப்பிடச் சொன்னால், ஜூலை வரைக்கும் இருந்தால் போதும் என்பாள். ஜூலைக்கு அப்புறம் என்று கேட்கத் தானியேலுக்குத் துணிச்சல் இல்லை. அந்தப் பாட்டில்கள் இருக்கிறவரை மேகலா இருப்பாள். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்தது.

மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை தெருவுக்கே வோல்டேஜ் ஏறியது. நாலு வீட்டில் ஃபேன் போனது. அலமாரிக்குள் இரண்டு டிரைவர்களும் ஒரே நேரத்தில் செத்தன. ஞாயிறு முழுக்கத் தானியேல் அவற்றைப் பிரித்து உட்கார்ந்தும் உயிர் வரவில்லை. இருட்டு அலமாரியின் முன்னால் மேகலா ஆராதனைக்கும் போகாமல் உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை காலை அவர் பஜாரில் வாஹித் பாஷாவின் கடைக்கு ஓடினார். தொழிற்சாலைக்கு உதிரிப் பாகம் வாங்கிய காலத்திலிருந்து பழக்கம். பாஷா பெட்டிகளைக் கிளறிப் பார்த்துவிட்டு, முந்நூறு மில்லி ஆம்பியர் டிரைவர் இல்லை, சென்னையிலிருந்து வியாழக்கிழமை சரக்கு வரும் என்றார்.

"இதோ அறுநூறு இருக்குதே பாய், இதையே குடுங்க."

"அது இரட்டை வரிசைக்குப் போடறது தானியேலு. உன்கிட்ட இருக்கறது ஒத்தை வரிசை. மேட்ச் ஆவாது. வியாழக்கிழமை வரைக்கும் பொறு, இல்லன்னா பேஜாரு ஆய்டும்."

"ஜாஸ்திதானே பாய்? கம்மி இல்லையே. ஜாஸ்தி போட்டு நான் எதையாவது எரிச்சிருக்கறனா?"

பாஷாவுக்கு அவர் கைத்திறன் தெரியும். அவர் வீட்டுத் துக்கமும் தெரியும். அதற்கு மேல் வாதாட மனம் வராமல் இரண்டையும் எடுத்துக் கொடுத்தார்.

அன்று மாலை அலமாரி எரிந்த எரிப்பில் அறையே சிவந்தது. இத்தனை நாளாக அவருக்கு முகம் கொடுக்காத மேகலா அன்று பக்கத்தில் வந்து நின்றாள். வெளிச்சம் ஜாஸ்தியாக இருக்கிறதே என்றாள். இருக்கட்டும், இரண்டு நாள் இருட்டில் கிடந்தவை, குடிக்கட்டும் என்றார் தானியேல். ஐந்து மாதத்துக்குப் பிறகு அவள் உதட்டில் ஏதோ ஒன்று அசைந்தது. அது சிரிப்புதான். கொஞ்ச நேரத்தில் விளக்கை அணைத்தாள். அந்தப் பாவி மனிதர் அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினார்.

மறுநாள் சோபனாவின் பிறந்தநாள். காலையில் விளக்கைப் போட்டு, அலமாரிக் கதவைச் சாத்திவிட்டு இருவரும் கல்லறைக்குப் போனார்கள். பூ வைத்தார்கள். அங்கேயே வேப்ப மரத்தடியில் மேகலா உட்கார்ந்துவிட்டாள். எழுப்ப அவருக்கு மனம் வரவில்லை. திரும்பும்போது மணி இரண்டு தாண்டியிருந்தது.

கதவைத் திறந்ததுமே கருகிய பிளாஸ்டிக் வாடை அடித்தது. அலமாரியின் கைப்பிடி சுட்டது. மேல் தட்டு விளக்கு ஒரு முத்து கருகியதில் மொத்தமாக அணைந்திருந்தது. கீழ்த்தட்டு விளக்கு இழுத்துக்கொண்டிருக்கும் உயிர்போல விட்டுவிட்டு எரிந்தது. பாட்டில்களின் உள்பக்கம் முத்து முத்தாக வியர்த்திருந்தது. தானியேல் ஒன்றை எடுத்துத் துடைத்துப் பார்த்தார். பச்சை இல்லை. இலைகள் அவித்த கீரையாகக் கண்ணாடியில் ஒட்டிக் கிடந்தன. அடுத்ததும் அப்படித்தான். அதற்கடுத்ததும்.

வேணாம்னு சொல்லத் தெரியாது அதுக்கு. மகளின் குரல் காதுக்குள் வந்து நின்றது. அன்று எழுந்து போகாமல் இன்னும் ஒரு நிமிடம் உட்கார்ந்திருந்தால் போதுமே என்று நெற்றியை அலமாரியில் இடித்துக்கொண்டார்.

மேகலா அழவில்லை. செத்த டிரைவர் ஒன்றை எடுத்து, அதன் முதுகில் இருந்த சிவப்பு எழுத்தை விரலால் தடவினாள்.

"எழுதி வெச்சிட்டுத்தானே போனா" என்றாள். "படிக்கக் கூடவா தெரியல உங்களுக்கு?"

உள்ளே போய் மகளின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தாள். பின்னாலேயே போன தானியேல் அப்போதுதான் பார்த்தார். படத்தின் கீழே, மெழுகுவர்த்திக்குப் பக்கத்தில், ஒரு ஜாம் பாட்டில் இருந்தது. பிறந்தநாளுக்கென்று விடியற்காலையில் மேகலா எடுத்து வைத்திருந்த பாட்டில். உள்ளே ஐந்து செடிகள். வெளிச்சம் இல்லாமல் வெளிறியிருந்தாலும் நிமிர்ந்து நின்றன.

அவர் கை நீட்டினார். அவள் பாட்டிலை எடுத்து முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை பாஷா கடையைத் திறக்கும்போது தானியேல் படியில் உட்கார்ந்திருந்தார். வேண்டியதைச் சொன்னார். பாஷா முந்நூறு டிரைவர் ஒன்றும் பத்து முத்துகளும் எடுத்து வைத்தார். வீட்டில் தானியேல் கருகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, புதியவற்றைப் பற்றவைத்தார். விளக்குக்கும் டிரைவருக்கும் நடுவில் மீட்டரைக் கோத்து, மேகலாவைக் கூப்பிட்டார்.

அவள் பாட்டிலோடு வந்து எட்டவே நின்றாள். ஐந்தில் இரண்டு செடிகள் அதற்குள் மஞ்சளாகிச் சாய்ந்திருந்தன.

"அளவா இருக்குதா?" என்று கேட்டாள்.

எந்தக் கேள்வி அது, யாருடைய கேள்வி அது என்று அவருக்குத் தெரியும். மீட்டரை அவள் பக்கம் திருப்பி வைத்தார். அவள் குனிந்து எண்ணைப் படித்தாள். பழைய டிரைவரை எடுத்து வந்து சிவப்பு எழுத்தோடு ஒப்பிட்டாள். மீண்டும் ஒரு முறை படித்தாள். பிறகு பாட்டிலை இரண்டு கையாலும் தட்டில் வைத்தாள். கதவைச் சாத்தவில்லை.

ஜூலைக்கு இன்னும் நாலு மாதம் இருந்தது. அரைநாள் லீவு போட்டிருந்த மேகலா சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஷிப்ட்டுக்குப் புறப்பட்டாள். அலமாரியைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவரிடம் அவள் சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. தானியேல் அலமாரி முன்னால் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, விளக்கின் அலுமினிய முதுகில் உள்ளங்கையை வைத்தார். வெதுவெதுப்புதான், சூடில்லை. காய்ச்சல் வந்த ஆறு நாளும் மகளின் நெற்றியில் வைத்த அதே கையை எடுக்காமல், ஷூ கம்பெனியில் ஷிப்ட் முடிந்து சங்கு ஊதும் வரை அப்படியே இருந்தார்.