பிரிட்ஜுக்கு அடியில் வைத்த துண்டு

நம்பச் சொல்லி யாரையும் கெஞ்சப் போவதில்லை. ஆனால் இதில் ஒரு வரிகூட நான் இட்டுக்கட்டிச் சொன்னதில்லை. நடந்தது என் தங்கச்சி அல்போன்சாவின் புருஷன் தனிஸ்லாஸுக்கு. ஊர் வில்லியனூர், வருஷம் 1979. ராத்திரிகூட இல்லை, நல்ல பட்டப்பகல். சாப்பிட்டுக்கொண்டே படிப்பவர்கள் தட்டை ஓரமாக வைத்துவிடுங்கள். பயத்தைவிட இதில் குமட்டல்தான் அதிகம்.

தனிஸ்லாஸ் மில்லில் எலெக்ட்ரீஷியன். பங்குக் கோயில் பாட்டுக் குழுவில் கிடார் வாசிப்பான். அந்த வருஷம் ஈஸ்டர் ராத்திரிப் பூசையில் பேஸ் கிடார் வாசித்தே தீருவது என்று அவனுக்கு ஒரே வெறி. குழுவை நடத்திய மரியசுந்தரம் ஆர்மோனியக்காரர். கரண்ட்டில் வாசிக்கும் எதுவும் அவருக்கு ஆகாது. "வானவர் கீதத்துல ஒரு எடத்துல சுருதி பிசகுச்சின்னா, நீயும் வெளிய, உன் கரண்ட்டு கிடாரும் வெளிய," என்று எல்லோர் எதிரிலும் சொல்லிவிட்டார். சின்ன வயசிலிருந்து பாடிய கோயில். தனிஸ்லாஸுக்கு மானப் பிரச்சினையாகிவிட்டது.

கிடார் கிடைத்தது அடுத்த தெரு மதலேனாள் பெரியம்மாவிடம். அவர் புருஷன் பாஸ்கல் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. கப்பலில் வரும்போது கொண்டுவந்த பேஸ் கிடார், அவர் செத்த நாளிலிருந்து பெட்டியிலேயே கிடந்தது. "பொட்டியோட எடுத்துனு போப்பா. நான் அத்தத் தொட மாட்டேன்," என்றார் பெரியம்மா.

அவன் எடுத்து வந்தது பெரிய வியாழன், அதாவது புனித வெள்ளிக்கு முந்தின நாள் சாயங்காலம். வில்லங்கமே அதுதான். பெரிய வியாழன் பூசையில் வானவர் கீதம் பாடி முடித்ததும் எங்கள் கோயில் மணி ஊமையாகிவிடும். சனிக்கிழமை ராத்திரி அதே கீதத்தைத் திரும்பப் பாடும்வரை மணி கிடையாது, ஆர்மோனியம் கிடையாது, வீட்டில் ரேடியோகூடப் போட மாட்டோம். மணிக்குப் பதிலாக மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருவில் போவார்கள். ஆண்டவர் கல்லறையில் கிடக்கும்போது எந்த வாத்தியத்தையும் மீட்டக் கூடாது.

தனிஸ்லாஸ் ஒரு சமாதானம் கண்டுபிடித்தான். கரண்ட்டில் செருகாத பேஸ் கிடார் வெறும் கட்டைதானே? அடுத்த அறைக்கே கேட்காத சத்தம் சாமிக்கா கேட்கப் போகிறது?

சனிக்கிழமை உச்சிப்பொழுது. அல்போன்சா பீடத்துக்குப் பூ ஜோடிக்கக் கோயிலுக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு அவன் பெட்டியைத் திறந்தான்.

முதலில் நாற்றம்தான் வந்தது. ஊறவைத்து மறந்துபோன கருவாடு மாதிரி. கம்பிகளில் பழுப்பாக என்னவோ அப்பியிருந்தது. துணியால் துடைத்தான். செதில் செதிலாக உரிந்து வந்தது. தோல்... யாரோ விரல் தேய்த்துத் தேய்த்து விட்டுப்போன தோல். மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தான், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

கம்பிகள் வந்து உட்காரும் பிரிட்ஜை ஒரு வெள்ளித் தகடு மூடியிருந்தது. அதைக் கழற்றினான். அடியில், கம்பியின் அதிர்வை அடக்க வைக்கும் ஒரு ஸ்பாஞ்ச். எத்தனையோ வருஷம் பூட்டிக் கிடந்த பெட்டி. வெளியே சித்திரை வெயில். ஆனால் ஸ்பாஞ்ச் ஈரமாக இருந்தது. விரலில் எடுத்தபோது கொழகொழவென்று நூல்விட்டது. "த்தூ... கருமம்!" என்று மூலையில் வீசினான்.

அதிலிருந்து ஏதோ ஒன்று 'டிக்' என்று தரையில் விழுந்தது. சின்னத் துண்டு. ஒரு பக்கம் அகலம், மறுபக்கம் கூர். கறுப்புப் பசை அப்பியிருந்தது. லுங்கியில் துடைத்துப் பார்த்தான். மஞ்சள் எலும்பு. பழைய கிடார்களில் கம்பிக்கு அடியில் எலும்புத் துண்டு வைப்பது உண்டு. சொல்தா எதற்கோ செதுக்கி வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டான்.

வேலையை ஆரம்பித்தான். கிடார் கழுத்தில் குறுக்கே பதித்த தகடுகளுக்கு ஃப்ரெட் என்று பெயர்; கம்பியின் நடு ஃப்ரெட்டில் லேசாகத் தொட்டு மீட்டினால் ஒரு சத்தம் வரும். அதே இடத்தில் அழுத்தி மீட்டினாலும் அதே சுருதி நிற்க வேண்டும். நிற்காவிட்டால் பிரிட்ஜில் அந்தக் கம்பி உட்காரும் சின்னக் கட்டையை, பின்னால் இருக்கும் ஸ்க்ரூவைத் திருகி முன்னே பின்னே தள்ள வேண்டும். மூன்று கம்பி சரியாகிவிட்டது. தடிக் கம்பிதான் முரண்டு பிடித்தது. அதன் கட்டையைத் தூக்கிப் பிடிக்கும் ஸ்க்ரூவில் மரை போயிருந்தது. எவ்வளவு ஏற்றினாலும் கட்டை மெதுவாக இறங்கியது. அடியில் எதையாவது கொடுத்தால்தான் நிற்கும்.

எலும்புத் துண்டு ஞாபகம் வந்தது. இரண்டு கையிலும் வேலை இருந்ததால் அதை வாயில் வைத்துக்கொண்டான். மில்காரனுக்கு வாய்தான் மூன்றாவது கை. தவக்காலத்துக்கு முன்னால்தான் கீழ்வரிசையில் ஒரு முன்பல்லைப் பிடுங்கியிருந்தான். ஸ்க்ரூ, ஆணி எல்லாம் அந்தச் சந்தில்தான் செருகிக்கொள்வான். துண்டையும் அங்கேயே செருகினான். கச்சிதமாக உட்கார்ந்தது.

பிறகு எடுத்து, கூரான பக்கத்தைக் கட்டைக்கு அடியில் ஆப்பு மாதிரி இறக்கினான். கம்பி உயர்ந்து நின்றது.

சுருதி பார்க்க வேண்டும், ஆனால் தடிக் கம்பியின் சத்தம் மட்டும் காதில் சரியாக விழவில்லை. ஆம்ப் போட முடியாது. அதற்கு வாத்தியக்காரர்களிடம் ஒரு வழி இருக்கிறது. கிடாரின் மரத்தில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு மீட்டினால், சத்தம் எலும்பு வழியாக மண்டைக்குள் ஏறும்.

கடித்தான்.

அவன் பல் ஏற்கெனவே இருந்த பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. யாரோ கடித்துக் கடித்துக் குழிந்த இடம். அந்த மரம் ஈரமாக இருந்தது. வெதுவெதுப்பான எச்சில். அவனுடையது இல்லை. சுருட்டுக் கசப்பு நாக்கில் இறங்கியது.

விட நினைத்தான். தாடை திறக்கவில்லை.

கை தானாக மீட்டியது.

ம்ம்ம்ம்...

சுருதி சுத்தமாக நின்றது. அதற்குப் பின்னால் இன்னொரு சத்தம். சளி கட்டிய நெஞ்சில் மூச்சு இழுக்கிற சத்தம். கர்ர்... கர்ர்... அவன் பல்லுக்குள்ளேயே.

"இன்னும்... மீட்டு..."

எச்சில் வழிந்தது. மேலிருந்து கீழே இல்லை. மரத்திலிருந்து அவன் வாய்க்குள்.

விழுங்கினான்.

தெருவில் மரக்கட்டை தட்டிக்கொண்டு போனார்கள். டக்... டக்... டக்...

தாடை விட்டது. கொல்லைக்கு ஓடி, குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தான்.

யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அந்த ராத்திரி கையைவிட்டுப் போய்விடும் என்ற பயம். பூசையில் மணியெல்லாம் ஒன்றாக அடிக்க, வானவர் கீதத்தோடு பேஸ் கிடார் எழுந்தது. கோயில் தூணே அதிர்ந்தது. நானும் அங்கே இருந்தேன், புல்லரித்துவிட்டது. மரியசுந்தரமே எழுந்து வந்து, "இன்னாடா... இப்டி வாசிக்கிற?" என்று தோளைத் தட்டினார். தனிஸ்லாஸ் சிரித்தான், வாயைத் திறக்காமல்.

ஞாயிற்றுக்கிழமை கேக் எடுத்துக்கொண்டு மதலேனாள் பெரியம்மா வீட்டுக்குப் போனான். கொம்பில் இருந்த பல் தடத்தைப் பற்றிக் கேட்டான். பெரியம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

"சண்டையில குண்டு வெடிச்சி அவருக்கு ரெண்டு காதும் போச்சிப்பா. கட்டையக் கடிச்சினுதான் வாசிப்பாரு. அன்னிக்குப் பெரிய சனிக்கிழம, உச்சி நேரம். இன்னிக்கு வேணாம்னேன். 'எனக்கே கேக்காதது சாமிக்கா கேக்கப் போவுது'ன்னாரு."

தனிஸ்லாஸ் கேக் தட்டைக் கீழே வைத்தான்.

"கடிச்சமேனிக்கே செத்துக் கெடந்தாரு. வாயப் பிரிக்கவே முடியல. இழுத்த இழுப்புல முன்பல்லு ஒண்ணு வேரோட வந்துடுச்சி. வூடு பூராத் தேடினோம். பல்லு இல்லாமத்தான் பொதச்சோம்."

வீட்டுக்கு ஓடினான். வெள்ளித் தகட்டைக் கழற்றினான். தடிக் கம்பி அப்படியே உயர்ந்து நின்றது. அதன் கட்டைக்கு அடியில் ஒன்றுமே இல்லை.

துப்ப வேண்டும் போலிருந்தது. நாக்கு வழக்கம்போல அந்தச் சந்தைத் தேடிப் போனது.

சந்து இல்லை.

இப்போதும் அந்தப் பல் இருக்கிறது. நான் விளக்கு பிடித்துப் பார்த்தேன். பக்கத்துப் பற்களைவிட நீளம், நன்றாக வேர் பிடித்திருக்கிறது. பின்பக்கம் முழுக்கச் சுருட்டுக் கறை. தனிஸ்லாஸ் ஒரு பீடிகூடக் குடித்தவனில்லை.