ஓட்டுநர் பெட்டிவேயின் சபதம்

"என் மக மட்டும் நம்ம பேட்டைப் பள்ளிக்கூடத்து வாசப்படிய மிதிச்சா, அன்னிக்கி நான் ஸ்டியரிங்க விட்டுட்டு இந்த பஸ்ஸுக்குப் பின்னாலயே நடந்து வர்றேன்!"

அமெரிக்காவின் நுவார்க் நகரப் பேருந்து ஓட்டுநர் ராஸ்கோ பெட்டிவே இந்த வரலாற்றுச் சபதத்தை மைக்கிலேயே செய்தார். பேருந்தில் நாற்பது பேர் இருந்தார்கள். அவர்களில் ஒருவர், அந்தப் பேட்டைப் பள்ளியில் எழுத்தராக இருக்கும் மிஸ் லூசில்.

பெட்டிவேயைக் குறை சொல்ல முடியாது. அரசுப் பணத்தில் தனி நிர்வாகம் நடத்தும் சார்ட்டர் பள்ளியில் அறுபது இடங்களுக்கு எழுநூறு பேர் மனுப் போட்டு, குலுக்கலில் அவர் மகள் ஜெனீவாவின் எண் விழுந்திருந்தது. குலுக்கல் நடந்த கூடைப்பந்து அரங்கில் அவர் ஆடிய ஆட்டத்தில் கால்சட்டைத் தையலே விட்டுப்போனது.

அது ஒழுக்கத்துக்குப் பேர்போன பள்ளி. நடைவழியில் பேசக் கூடாது. தண்ணீருக்கு மூன்று விரல், கழிப்பறைக்கு இரண்டு விரல். ஆசிரியர் தலையசைத்தால்தான் எழலாம். இரண்டே மாதத்தில் ஒன்பது வயது ஜெனீவாவின் கணக்கு மதிப்பெண் கிடுகிடுவென்று ஏறியது. பேச்சு அதே வேகத்தில் இறங்கியது.

"வாயில என்னடி பூட்டா போட்டிருக்கு?" என்பாள் தாய் வெர்னெட்டா.

"அது பூட்டில்ல, பண்பு" என்பார் பெட்டிவே.

நவம்பரில் ஒரு நாள் பள்ளி விட்டதும் ஜெனீவா அப்பாவின் பேருந்திலேயே ஏறிப் பின்வரிசையில் உட்கார்ந்தாள். மழை, நெரிசல். பெட்டிவேயின் கண் சாலையை விட்டு அகலவில்லை. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகுதான் கண்ணாடியில் பார்த்தார். மகள் இரண்டு விரலை உயர்த்தியபடி நேராக உட்கார்ந்திருந்தாள். சீருடைப் பாவாடை நனைந்திருந்தது.

"அடிப்பாவி மகளே, எவ்வளவு நேரமா?"

"ஆஸ்பத்திரி ஸ்டாப்லேருந்து."

"ஒரு சத்தம் குடுக்கக் கூடாதா?"

"நீங்க தலையாட்டலியே, டாடி."

பெட்டிவே இருக்கையை விட்டு எழுந்து பின்வரிசைக்குப் போனார். தன் மேல்கோட்டைக் கழற்றி மகளின் இடுப்பில் கட்டிவிட்டார்.

மறுநாள் காலை பேட்டைப் பள்ளி அலுவலகத்தில் அவர் தடித்த கோப்புடன் நின்றார். மதிப்பெண் பட்டியல், தடுப்பூசிச் சீட்டு, பாதிரியார் கடிதம், தாமே எழுதிய மூன்று பக்க மன்னிப்பு. மேசைக்குப் பின்னால் சாட்சாத் மிஸ் லூசில்.

"கரண்ட் பில் இருக்கா?"

"இருக்குங்க மேடம். குலுக்கல் எப்ப?"

"என்ன குலுக்கல்?"

"எடம் கெடைக்கணுமே..."

"மிஸ்டர் பெட்டிவே, உங்க வீடு இந்தப் பேட்டையில இருக்கு. பிள்ளையும் இந்தப் பேட்டைதான். எடம் எங்க போயிடும்? கரண்ட் பில்லையும் தடுப்பூசிச் சீட்டையும் குடுங்க, மத்தத எடுத்துக்கிட்டுப் போங்க." முத்திரையைக் குத்தியபடி குரலைத் தாழ்த்தினார்: "பஸ்ஸுக்குப் பின்னால நடக்கும்போது செருப்பு போடாதீங்க. நல்ல ஷூவா பாத்துப் போடுங்க."

பெட்டிவே சிரித்தார். இரண்டு மாதமாகத் தோள்மேல் உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது போலிருந்தது.

குறையில்லாத பள்ளி என்று யாரும் சத்தியம் செய்ய வேண்டாம். வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். கணக்குப் புத்தகம் இரண்டு பேருக்கு ஒன்று. அறையைச் சூடாக்கும் வெப்பக்குழாய் கிழட்டுக் கழுதைபோலக் கனைத்தது. எதிர்வீட்டுப் பையன் அந்தச் சார்ட்டர் பள்ளியில் இன்றும் சந்தோஷமாகத்தான் படிக்கிறான்.

திங்கட்கிழமை மாலை ஜெனீவா முன்கதவு வழியாக ஏறி ஓட்டுநருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டாள். புதுத் தோழி, அவளுடைய ஆமை, ஆமைக்கு வந்த சளி என்று பதினோரு நிறுத்தங்களுக்கு மூச்சுவிடாமல் பேசினாள்.

"எந்தப் பள்ளிக்கூடம் கண்ணு?" என்றார் முன்வரிசைப் பெரியவர்.

ஜெனீவா பேட்டைப் பள்ளியின் பெயரைப் பேருந்து முழுக்கக் கேட்கும்படி உரக்கச் சொன்னாள். பெட்டிவே, சபதம் செய்த அதே மைக்கை அணைத்துவிட்டு வண்டியை ஓட்டினார்.