பிணம் கிடக்கையில் அறுப்பு இல்லை

எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. தெருவில் பிணம் கிடந்தால், அதை எடுக்கும்வரை யாரும் வயலில் இறங்கக் கூடாது, யார் வீட்டிலும் அடுப்பு எரியக் கூடாது. காலையில் செத்தவரைச் சாயங்காலத்துக்குள் எடுத்துவிடுகிற காலத்தில் ஏற்பட்ட வழக்கம். அரை நாள் பட்டினி, அரை நாள் வேலை நிறுத்தம், அவ்வளவுதான். செத்தவருக்கு அந்த மரியாதைகூடச் செய்யாவிட்டால் எப்படி என்று நானும் சொல்லியிருக்கிறேன். ஐஸ் பெட்டி வந்த பிறகுதான் எனக்கு இது குமட்ட ஆரம்பித்தது.

ஐஸ் பெட்டி என்பது பிணத்தைக் கெடாமல் வைக்கிற, கண்ணாடி மூடி போட்ட பெட்டி. வலங்கைமானில் வாடகைக்குக் கிடைக்கும். பிள்ளைகள் துபாய், சிங்கப்பூர், அமெரிக்கா என்று கிளம்பிப் போன பிறகு எங்கள் பக்கம் நொடித்துப் போகாத தொழில் அது ஒன்றுதான். நெல் விளைந்தாலும் விளையாவிட்டாலும் பெட்டி மட்டும் ஒரு நாளும் சும்மா கிடப்பதில்லை.

நான் சிங்கப்பூரில் கட்டடங்களுக்குக் கம்பி கட்டும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன். வந்ததும் குத்தகைக்கு நிலம் பிடித்து, நானும் என் மனைவியுமாகக் குறுவை போட்டோம். நிலத்துச் சொந்தக்காரர் தெருக்கோடி மாடி வீட்டுப் பெரியவர். தங்கமான மனிதர் என்றெல்லாம் சொல்ல மாட்டேன், ஆனால் விவசாயம் தெரிந்தவர். ஐப்பசி பிறந்து, கதிர் முற்றி, இனி அறுக்க வேண்டியதுதான் என்று நாங்கள் நிற்கும்போது அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். ஒரே மகன் அமெரிக்காவில் இருந்தான்.

டெல்டாக்காரர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். குறுவை நெல் ஐப்பசி அடைமழைக்கு முன்னால் கரையேறிவிட வேண்டும். முற்றிய கதிர் மழையில் சாய்ந்தால் வயலிலேயே முளைவிட்டுவிடும். கை அறுப்புக்கு ஆள் கிடையாது. ஊரில் இருக்க வேண்டிய பையன்கள் திருப்பூரிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். என் மகனே கத்தாரில் இருந்தான். ஆத்தூர்ப் பக்கமிருந்து வருகிற அறுப்பு மிஷின்தான் கதி. எங்களுக்கு அந்த வருடம் கிடைத்ததோ டயர் மிஷின். காய்ந்த வயலில்தான் இறங்கும், சேறு என்றால் புதைந்துவிடும். பெரியவர் செத்த அன்று அது எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் வந்து நின்றது.

சாவு வீட்டை நிர்வாகம் செய்தது பெரியவரின் தம்பி. கட்சிக்கரை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு செல்போன். "மகன் நாளைக்கு வந்துருவான். அவன் வந்துதான் எடுப்போம்" என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி அறிவித்தார். பெட்டி வந்தது. பெட்டிக்குப் பின்னாலேயே ஜெனரேட்டர் வந்தது. அடுத்ததாகப் பந்தலுக்கு மேலே ஃபிளெக்ஸ் வந்தது. அதில் பெரியவர் படம் இலந்தைப் பழம் அளவு. கோட்டு போட்ட மகன் படம் பூசணிக்காய் அளவு. யார் செத்தது என்று வெளியூர்க்காரர் இரண்டு பேர் என்னிடம் கேட்டார்கள்.

எனக்கு என் அப்பாவின் சாவு ஞாபகம் வந்தது. அவர் செத்தபோது நான் சிங்கப்பூரில் பதினோராவது மாடியில் நின்றிருந்தேன். ஊரிலிருந்து போன் வந்த நேரத்தில் அவரை எரித்தே முடித்திருந்தார்கள். என் மைத்துனன் கொள்ளி வைத்தான். எனக்காக ஒரு மணி நேரம்கூட யாரும் காத்திருக்கவில்லை, அன்று மத்தியானமே ஊர் களையெடுக்கப் போய்விட்டது. கூலி வேலைக்குப் போனவன் பிள்ளை இல்லை, கம்ப்யூட்டர் வேலைக்குப் போனவன்தான் பிள்ளை. இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடித்து வைத்திருக்கிற ஊரை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் காறித் துப்பத் தோன்றுகிறது.

மறுநாளும் மகன் வரவில்லை. தெருவில் எத்தனை வேளைக்குத்தான் பட்டினி கிடப்பார்கள்? அடுப்பு எரியக் கூடாது என்றால் விறகு அடுப்பைத்தான் சொல்லியிருக்கிறார்கள், கேஸ் அடுப்பு அதில் சேராது என்று யாரோ சட்டம் கண்டுபிடித்தார்கள். கதவைச் சாத்திக்கொண்டு வீட்டுக்கு வீடு குக்கர் விசில் அடித்தது. சாவு வீட்டுக்கோ கடையிலிருந்து இட்லிப் பொட்டலம் இறங்கியது. பெட்டிக்கு நாலடி தள்ளி உட்கார்ந்து சாம்பாரை உறிஞ்சினார்கள். கெட்டுப்போன தேங்காய்ச் சட்னி, டீசல் புகை, ஊதுபத்தி, வாடின ரோஜா மாலை எல்லாம் கலந்து ஒரு வாடை. மின்சாரம் போய் ஜெனரேட்டர் பிடிப்பதற்குள் கண்ணாடி மூடி வியர்த்தது. ஒருவர் எழுந்து வந்து சட்னிக் கையாலேயே அதைத் துடைத்தார்.

வயிற்றுக்கு வழக்கத்தை வளைத்தார்களே, வயலுக்கும் வளைப்பார்கள் என்று நம்பிப் போனேன். கிழக்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மிஷின் டிரைவர், மத்தியானத்துக்குள் வயலைக் காட்டாவிட்டால் மன்னார்குடிப் பக்கம் போய்விடுவேன் என்று சொல்லிவிட்டான்.

"ஐயா, நம்ம வயல மட்டும் ஓட்டிக்கிறேன். சத்தமில்லாம முடிச்சிடுறேன்" என்றேன் பெரியவரின் தம்பியிடம்.

"என்னப்பா பேசுற? அண்ணன் இங்க கெடக்காரு, அவரு நெலத்துலயே மிஷின் ஓடுறதா? அசிங்கமா இல்ல?"

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த பெரியவரின் மனைவி தலையைத் தூக்கினார். இரண்டு நாளாக அழுது தொண்டை கட்டியிருந்தது.

"நீங்க போய் அறுங்க தம்பி. அவரு இருந்திருந்தா இந்நேரம் அவரே மிஷினுக்கு முன்னாடி போயிருப்பாரு. மழ வருது பாருங்க. சீக்கிரம் போங்க."

எனக்கு உயிர் வந்தது. கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். பந்தலில் இருந்த பங்காளிகள் எழுந்து வழியை மறித்துக்கொண்டார்கள்.

"அண்ணி துக்கத்துல என்னமோ பேசுறாங்க. நீங்க உள்ள போய்ப் படுங்க அண்ணி" என்றார் தம்பி. இரண்டு பெண்கள் அந்த அம்மாளைக் கைத்தாங்கலாக உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். வாசற்படியில் நின்று ஒரு தடவை திரும்பி, "நான் புத்தி தெளிஞ்சுதான்டா சொல்றேன்" என்று கத்தினார். யாரும் காதில் வாங்கவில்லை. மிஷின் மத்தியானம் கிளம்பிப் போனது. சாயங்காலம் பிடித்த மழை விடிந்த பிறகும் விடவில்லை.

மூன்றாம் நாள் மகன் வந்தான். திருச்சியிலிருந்து கார் வந்து நிற்பதற்கு முன்னாலேயே வீடியோக்காரன் குடைக்குள் கேமராவோடு காத்திருந்தான். காரிலிருந்து இறங்கிய மகனைப் பார்த்த உடனேயே அறைய வேண்டும் என்றிருந்தது எனக்கு. ஆனால் அவன் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து கொஞ்ச நேரம் அழுதுவிட்டு, நிமிர்ந்து, என் காதுபடக் கேட்டான்:

"ஏன் சித்தப்பா இத்தன நாள் வச்சிருந்தீங்க? டிக்கெட் கெடைக்க லேட்டாகும், எனக்காக வெயிட் பண்ணாதீங்க, எடுத்துடுங்கன்னு மொத நாளே சொன்னேனே."

"நீ சொல்லுவப்பா. அமெரிக்காவுலேர்ந்து மகன் வந்து கொள்ளி வச்சான்னு நாலு ஊரு பேச வேணாமா?"

அறையப் போன கை எனக்கு எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. வாய்க்கரிசி போடக் கூப்பிட்டார்கள். சுற்றிலும் நெல் மழையில் சாய்ந்து கிடக்க, கடையில் வாங்கிய பாக்கெட் அரிசியைப் பல்லால் கடித்துக் கிழித்துத் தட்டில் கொட்டினார்கள். போட்டுவிட்டு நேராக வயலுக்குப் போனேன். கதிர் தண்ணீரில் பாய் விரித்த மாதிரி படுத்திருந்தது. இரண்டு நாள் கழித்து அள்ளிப் பார்த்தால் மணிக்கு மணி வெள்ளையாக முளை.

கருமாதி விருந்துக்குப் போக மாட்டேன் என்றேன். போகாவிட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் வேறு ஆளுக்குப் போய்விடும் என்று என் மனைவி அனுப்பி வைத்தாள். பந்தியில் எல்லோரும் சாவு நடந்த அழகைத்தான் பேசினார்கள். இந்த வட்டாரத்தில் இப்படி ஒரு சாவு நடந்ததில்லையாம். பெரியவரின் தம்பி பாயச வாளியோடு என் இலைக்கு வந்தார்.

"வயித்துக்கு வஞ்சகம் பண்ணாம சாப்புடு. உன் மவனும் கத்தார்லதானே இருக்கான்? நீ ஒண்ணும் கவலப்படாத. உனக்கும் இதே மாதிரி பெட்டியில வச்சு, அவன் வந்தப்பறம் ஜாம்ஜாம்னு எடுத்துடுவோம்."

பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். மனுஷன் கிண்டல் செய்யவில்லை, மனதாரச் சொன்னார். இலையை மூடிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டு வாசலில் என் மனைவி, நாங்களே கையால் அறுத்துக் கொண்டுவந்த முளைத்த நெல்லைத் தார்ப்பாயில் கிளறிக்கொண்டிருந்தாள். கள் நாற்றம் போலப் புளித்த நாற்றம். அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

"இங்க பாரு, நான் செத்தா அன்னைக்கே எடுத்துடணும். மகனுக்காகக் காத்திருக்கக் கூடாது. பெட்டி இந்த வாசல்ல ஏறக் கூடாது. சொல்லிட்டேன்."

அவள் கிளறுவதை நிறுத்தவில்லை.

"என்கிட்ட சொல்லி என்னங்க ஆவப்போவுது? அந்த அம்மாவும்தான் சொன்னாங்க" என்றாள். "நீங்க செத்தாலும் ஊரக் கேட்டுத்தான் எடுக்கணும்."